ரய்யாவின் முக்காடு

என் கண்ணின் ஒளியே,

உயிரோடு இருக்கிறேன், முதலில் அதை நம்பு. ஜஅலான் என்னும் இந்தப் பாலைவனக் கரையில் ஊர்க்காரர்கள் எங்கள் சுங்கச் சாவடியைக் கொளுத்திவிட்டு, என்னைக் கத்தியோடு துரத்தினார்கள். எதிர்ப்பட்ட வீட்டுக்குள் ஓடினேன். வீட்டுக்காரி ரய்யா தன் முக்காட்டை எடுத்து என்மேல் போட்டாள்.

"இவன் இப்ப என் அடைக்கலம். தொடுறவன் ஆம்பளையே இல்ல!"

துரத்தியவர்களில் முன்னால் ஓடிவந்தவன் அவள் புருஷன். கத்தியை உறையில் போட்டுவிட்டு எனக்குக் காப்பி ஊற்றினான்.

"குடிச்சுத் தொலை. என் படகுல நீ பறிச்ச மூட்டை போக மிச்சம் இவ்வளவுதான்."

அதே படகில் அவனே என்னை ஆங்கிலேயர் கப்பலுக்குக் கொண்டுவந்து விட்டான். முக்காடு வழித்துணையாக என் தோளிலேயே கிடந்தது.

பீரங்கியைக் கரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, சாவடியைக் கொளுத்தியவர்களின் வீடு எது எது என்று கப்பல் தலைவர் கேட்டார். கண்ணில் மணல் விழுந்துவிட்டது, ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். வேலை போய்விட்டது.

முக்காட்டோடு வருகிறேன். பிறக்கப்போகும் நம் பிள்ளையை முதலில் அதில்தான் ஏந்த வேண்டும்.

உன்னிடம் திரும்பும்
உன் கணவன்