நீடாமங்கலம் கேட்டில் நின்ற வண்டி

அன்பு மகன் பரிதிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை குந்தவை எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கை, கொட்டகையில் நிற்கிற பசு வரைக்கும் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வெயிலும் ஏசியும் மாறி மாறிப் பட்டு சளி பிடிக்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். என் வலது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை, பயப்படாதே, ரேடியேட்டர் பக்கம் கையை விட்டபோது தகடு கிழித்துவிட்டது, தையல் போடுகிற அளவுக்கு இல்லை, ஸ்டியரிங் பிடிக்க முடிகிறது. சம்பா பால் பிடித்து நிற்கிறது, குத்தகைக்கு எடுத்தவர் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிட்டது, பொங்கலுக்குள் அறுக்க முடியாது, தை கடைசியில்தான் மெஷின் இறங்கும். வயிற்று ஆபரேஷனுக்கு அப்புறம் வயலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மீறாமல் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். நாளைக்கு முத்துப்பேட்டை போகிறோம், அந்த ஊரில் இருக்கிற, உன்னோடு வேலை பார்ப்பவரின் மனைவி ரிஃப்கா அடுத்த வாரம் மஸ்கட்டுக்கு வருகிறதாம், அது கையில் அம்மா சுட்ட முறுக்கும், கொஞ்சம் நெத்திலிக் கருவாடும், இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறோம், வாங்கிக்கொள்.

அப்புறம் வண்டி விஷயம். பழைய பிக்கப்பைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். முத்துப்பேட்டையில் மீன் பெட்டி ஏற்றும் தங்கையன் என்பவர் பார்க்க வேண்டும் என்றார், நாளைக்கு அப்படியே ஓட்டிப் போய்க் காட்டுவதாக இருக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடுகிற குறை அதில் இருக்கிறது, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அதையும் அவரிடம் சொல்லித்தான் கொடுப்பேன், மறைத்து ஒருத்தர் தலையில் கட்ட மாட்டேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பொழுதுபோக்குக்கு வாங்கியது, பொழுது போய்விட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, பரோட்டாவிலேயே நாளை ஓட்டாதே, வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே. மீதியைக் காலையில் சொல்கிறேன், கையெழுத்தும் அப்போது போட்டுக்கொள்ளலாம்.

அண்ணா, அப்பா சொன்னது இவ்வளவுதான், எழுந்து படுக்கப் போய்விட்டார். இதற்கு மேல் எழுதுவது குந்தவை, நானாகவே. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அம்மா எழுந்து வந்தால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்வதற்கு வரலாற்றுப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன், அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். போனில் உன்னிடம் எதையும் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டதுமே அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், உனக்கே தெரியும். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா வருத்தம் இல்லை என்று சொன்னதை நான் அப்படியே எழுதினேன், அது நிஜம் இல்லை. நீ போன புதிதில் ஆபரேஷன் முடிந்து வந்து அப்பா எப்படி இருந்தார் என்று நீ பார்க்கவில்லை. டிவியைப் போடாமலே அதன் எதிரில் உட்கார்ந்திருப்பார், சாப்பிட வாங்கப்பா என்று கூப்பிட்டால் சாப்பிட்டாச்சே என்பார், சாப்பிட்டிருக்க மாட்டார். மூடிக்கிடந்த ஒரு அரிசி மில்லின் பின்னால் கொடி ஏறிக் கிடந்த அந்த வண்டியை இழுத்து வந்த பிறகுதான் பழைய அப்பாவைப் பார்த்தோம். சீட் கிழிந்திருக்கிறது என்று எங்கேயோ உடைத்துப் போட்ட பஸ்ஸின் சீட்டை வாங்கி வந்து அறுத்துப் பொருத்தினார், இப்போது முன்னால் உட்கார்ந்தால் டிக்கெட் எடுக்கணும் போல இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலிக்கிறது என்று பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கழற்றினார், அப்புறம் உர மூட்டை ஏற்றியதும் வண்டி உட்கார்ந்துவிட்டது என்று திரும்பப் போட்டார், அம்மா, உங்க அப்பாவுக்கு என் இடுப்பை விட யூரியாதான் முக்கியம் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் அடிப்பது எல்லாம் நான்தான். பதினாலுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் எனக்குக் கையில் எடுத்தாலே தெரியும்.

ஐப்பசி கடைசியிலிருந்துதான் இந்த நோய். கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும், அரைமணி போல ஓடியதும் இரண்டு தடவை இழுத்து இழுத்து நின்றுவிடும். இறங்கி பானெட்டைத் திறந்து, டீசல் வருகிற குழாயில் காற்றை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்பா பில்டர் மாற்றினார், டீசல் பம்ப் மாற்றினார், குழாய் எல்லாம் மாற்றினார், சூடு ஏறித்தான் நிற்கிறது என்று ரேடியேட்டரைக் கழற்றினார், விரல் கிழிந்ததுதான் மிச்சம். போன வாரம் தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பும்போது நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது, வழக்கம் போல ரொம்ப நேரம், அப்பா இஞ்சினை அணைத்துவிட்டார். கேட் திறந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் போனோம், சரியாகத் தண்டவாளத்தின் மேலே போய் நின்றுவிட்டது. அண்ணா, பின்னால் ஹாரன், கேட்கீப்பர் கத்துகிறார், அம்மா பக்கத்துக் கதவு சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. முகம் தெரியாதவர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். தள்ளி முடித்துக் கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. அன்றிலிருந்து அம்மா தூக்கத்தில் எழுந்து எழுந்து உட்காருகிறார். இந்த வண்டி வாசலில் நின்றால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றார், அப்பா சாமி படத்துக்கு முன்னால் நின்று கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாக டிவி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், டிவி ஓடவில்லை.

இப்போது நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். டீசல் முள் வேலை செய்யாததால் வண்டி நிற்கும் போதெல்லாம், டீசல் இருக்கிறதா பார் என்று அப்பா என்னைத்தான் பின்னால் அனுப்புவார், நான் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். அன்றைக்கு வண்டியைத் தண்டவாளத்தைத் தாண்டித் தள்ளி ஓரமாக நிறுத்தியதும் அதே மாதிரி திறந்தேன். மூடி லேசில் வரவில்லை, யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, பலமாகத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியே வரவில்லை அண்ணா, உள்ளே போனது. என் கையைத் தாண்டிக் காற்றை உள்ளே உறிஞ்சியது. ஜூஸ் பாக்கெட்டைக் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பாக்கெட் ஒட்டிப்போய் அப்புறம் ஒரு சொட்டும் வராதே, அந்த மாதிரி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போக வழி இல்லை. நான் டீசல் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்ததால்தான் வண்டி ஓடியிருக்கிறது. அப்பா முன்னால் செய்ததால் ஓடியது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை உண்டு. அதை அடைத்தது அம்மா. ஐப்பசி மழையில் நம் பம்ப்செட் டீசலில் தண்ணீர் கலந்து இஞ்சின் கெட்டுப்போனது, அதைப் பார்த்துவிட்டு, வண்டிக்கும் அப்படி ஆகிவிடும் என்று என் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் பஞ்சர் பசை போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டினார். பம்ப்செட் மூடிக்கும் வண்டி மூடிக்கும் ஒரே நாளில், நல்லதுக்குத்தான் செய்தார். இதை எப்படி நான் சொல்வது? நீ ஒட்டின ரப்பராலதான் நீ தண்டவாளத்துல மாட்டிக்கிட்டே என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், வாக்குக் கொடுத்தாச்சும்மா, இனி வண்டிப் பேச்சு வேண்டாம் என்று வாயைத் திறக்கும்போதே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. ரப்பரை எடுத்துவிட்டால் வண்டி நாளைக்கு நிற்காமல் ஓடும், ஓடினால் தங்கையன் உடனே வாங்கிவிடுவார். எடுக்காமல் விட்டால் வண்டி வழியில் நிற்கும், அவர் வேண்டாம் என்பார், வண்டி நம் வீட்டுக்கே திரும்பி வரும். இதை யோசித்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நாளைக்கும் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டும். கடைசித் தடவை என்பதால் அம்மாவும் வண்டியில் வருகிறார், கேட்டுக்கு முன்னால் இறங்கித் தண்டவாளத்தை நடந்து தாண்டி அந்தப் பக்கம் ஏறிக்கொள்வாராம். அப்பா உள்ளேதானே இருப்பார். அதனால் இப்போதுதான் வாசலுக்குப் போய் ரப்பரை உரித்துவிட்டு வந்தேன், பசை நன்றாகப் பிடித்திருந்தது, நகம் பெயர்ந்துவிட்டது. ரப்பர் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை அண்ணா. படுக்கப் போகிறேன்.

முத்துப்பேட்டை, ரிஃப்கா அக்கா வீடு. வெயில் ஏறிவிட்டது, அக்கா டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டு உன் பார்சலைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். வண்டி நிற்கவில்லை. அம்மா சொன்னபடியே கேட்டில் இறங்கி நடந்தார், கேட்கீப்பர் சிரித்தார். மன்னார்குடி தாண்டியும் ஓடியது. அப்பா இப்ப நிற்கும், இப்ப நிற்கும் என்று ஓரமாகவே ஓட்டினார், நிற்கவே இல்லை, இங்கே வந்து இறங்கியதும் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதிலாகக் குழப்பம்தான் இருந்தது. இங்கேயே வந்து காத்திருந்த தங்கையன் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, பஸ் சீட்டில் உட்கார்ந்து பார்த்து, கண்டக்டர் எங்கே என்று கேட்டார். அவருக்குப் பிடித்துவிட்டது. அப்பா நிறுத்திச் சொன்னார், அய்யா, இது வழியில் நிற்கிற வண்டி, இன்றைக்கு ஏன் நிற்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை, யோசித்து வாங்குங்கள் என்று. தங்கையன், விற்க வந்தவர் இப்படிப் பேசி இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்துவிட்டு, சாவியை வாங்கக் கையை நீட்டினார்.

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை அப்பா கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவைப் பார்க்காமல் சொன்னேன். அப்பா மூடியைத் திறந்து அந்தச் சின்ன ஓட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், பிறகு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். என்னென்னவோ கழற்றினேன், மூடியைத் திறந்து மூடினதை நான் ஒரு வேலையாகவே நினைக்கலையே என்றார். அம்மா வந்து மூடியை வாங்கினார். முகம் எப்படியோ ஆனது, நான் திட்டு விழும் என்று நினைத்தேன், ராத்திரி தனியா இருட்டில் வாசலுக்குப் போனியா என்று மட்டும் கேட்டார், என் விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையன் பக்கம் திரும்பி, “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, வண்டி கொடுக்கிறதா இல்ல” என்றார். தங்கையன், காலங்காத்தால கூப்பிட்டு வைத்துக் குடும்பத்தோடு வேடிக்கை காட்டுறீங்களா தங்கச்சி, நேற்று நீங்கதானே போனில் அவ்வளவு அவசரப்படுத்தினீங்க என்றார். அம்மா, “நிக்குற வண்டின்னுதான் கொடுக்கச் சொன்னேன். ஓடுற வண்டிய எதுக்குக் கொடுக்கணும்?” என்றார். சாமி முன்னால் சொன்ன வாக்கு என்னாவது என்று அப்பா மெதுவாகக் கேட்டார், அதற்கு அம்மா, அது என்கிட்ட கொடுத்த வாக்குதானே, நான் திருப்பிக் கொடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே டீ குடிக்கப் போய்விட்டார். தங்கையனும் கோபித்துக்கொள்ளவில்லை, அப்பாவோடு சேர்ந்து பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார், தன் வண்டியில் வருகிற ஒரு சத்தத்தை வாயாலேயே செய்து காட்டிக்கொண்டிருக்கிறார், அப்பா அதே சத்தத்தைத் திரும்பச் செய்து இப்படியா, இப்படியா என்று கேட்கிறார்.

ராத்திரி எழுதியதை அம்மா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டார். கிழிக்கச் சொல்லவில்லை. இனிமேல் அப்பா சொன்னதையும் அம்மா சொன்னதையும் எழுதுகிறேன். அப்பா: உடம்பைப் பார்த்துக்கொள், யாரிடமும் கோபப்பட்டு வேலையை விடாதே, மாரியம்மன் துணையிருப்பாள், வருகிற சித்திரைக்கு லீவு கிடைத்தால் வா, திருச்சி ஏர்போர்ட்டுக்கு நம் வண்டியிலேயே வந்து அழைத்துப் போகிறேன். அம்மா: நீ நல்லா இருக்கணும், நூறு வயசு இருக்கணும், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இன்னொன்று முக்கியம், ஓட்டையை அடைத்ததுதான் தப்பு, மழைத்தண்ணி இறங்கும் என்று நான் சொன்னது தப்பு இல்லை, அங்கே பழைய பார்ட்ஸ் கடைகளில் விசாரித்து, தண்ணி உள்ளே போகாமல் காற்று மட்டும் போகிற டீசல் மூடி ஒன்று வாங்கி அனுப்பு, அளவைத் தங்கச்சி தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறாள், அடுத்த ஐப்பசிக்குள் வேண்டும்.

இப்படிக்கு உன் அன்பு அப்பா,
இளையபெருமாள்
(கட்டுப் போட்ட விரலோடு அவரே போட்ட கையெழுத்து)
எழுதியவள் குந்தவை