பெட்டிக்கு அடியில ஒரு சுவிட்ச்

"யாரு பெட்டியக் கழட்டிப் பாக்கப்போறா? வாய மூடிட்டு வாடி!"

காலையில உன் தோழிகிட்ட நீ போன்ல கத்தினது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு பாப்பா. அவ வேணாம் வேணாம்னு சண்டை போட்டிருக்கா. நீ குளிக்கப் போனதும் நான் கழட்டிப் பாத்தேன். சீ!

சண்டை வீடியோ கேம் ஆட, கைப்பிடி வேணாம், எல்லாம் பட்டனாவே இருக்குற பெட்டி வேணும்னு கேட்ட. உன் கையத் தாள்ல வச்சு வரைஞ்சு, விரல் விழுற இடமாப் பாத்து ஓட்டை போட்டு, ஒயர் எல்லாம் நானே சால்டர் பண்ணேன். இடது, வலது ரெண்டையும் சேத்து அமுக்கினா திரையில இருக்குற ஆள் அசையக்கூடாது, அதுதான் போட்டி விதின்னு எனக்குச் சொன்னதே நீதான். இப்ப அடியில சுவிட்ச் ஒளிச்சு வச்சு, அதப் போட்டா ரெண்டும் ஒண்ணா வேலை செஞ்சு, எதிராளி அடியத் தடுத்துக்கிட்டே திருப்பி அடிக்கிற மாதிரி மாத்தியிருக்க. நான் வேலை பாக்குற ரிப்பேர் கடையில கரப்பான் குடியிருந்த மிக்ஸியக் கழட்டினப்பகூட எனக்கு இப்படிக் குமட்டினதில்ல.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள சாப்பிடு. சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போ.

பெட்டிய மூடல. திருகாணி நாலும் தட்டுல இருக்கு. அந்தச் சுவிட்ச நீயே புடுங்கு. நான் தொடமாட்டேன்.

இன்னொண்ணு. உன் போட்டியப் பாக்கத்தான் இன்னிக்கு அரை நாள் லீவு கேட்டு வாங்கினேன். மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுத்தான் அங்க கிளம்பணும். புடுங்கிட்டேன்னா இதுக்குக் கீழயே "வாம்மா"ன்னு எழுதி வை. புடுங்கலன்னா அதையும் எழுதிடு, நான் வரல.

அம்மா