மாமா எழுதிக் கொடுத்த சீட்டு

என் செல்ல அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மாமா, கைதட்டாதீங்க. உங்களுக்கு அந்த யோக்கியதை இல்ல." வாயில் கோபி மஞ்சூரியன் இருந்தது. அதோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஈஜிபுராவில் உங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு ஹோட்டல் வந்திருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெல்லாம் சீரியல் பல்பு, எதைக் கேட்டாலும் அதே சிவப்புச் சாயம். ஞாயிறு சாயங்காலம் கீபோர்டு வைத்துப் பாட்டு உண்டு. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் கணவரான மாமா என்னையும் உன் மகள் நித்யாவையும் அங்கே பெருந்தன்மையோடு அழைத்துப்போனார். ஆர்கெஸ்ட்ராவில் பாட உன்னைக் கூப்பிட்டபோது, "ஊரான் முன்னாடி பாடவா உன்னக் கட்டிக்கிட்டு வந்தேன்?" என்றாரே, அதே மனிதர்.

பாடிய பெண்ணுக்கு நல்ல குரல். அதற்காகச் சாப்பாட்டை மன்னித்தேன். மாமா தொடையில் தாளம் போட்டார், அதுவும் தப்பாக. பிறகு துண்டுச்சீட்டில் ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தனுப்பினார்.

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாரி சார். தமிழ் பேசுவேன், பாடுவேன், படிக்க வராது. என் நோட்டுல எல்லாப் பாட்டும் கன்னடத்துலதான் எழுதிருக்கேன்."

"என்னம்மா, தமிழ்க்காரங்களா இருந்துகிட்டு தமிழ் படிக்கத் தெரியாதா?" மாமா சிரித்தார். நித்யாவுக்கு நீ அ, ஆ எழுதிக் காட்டிய சிலேட்டைப் பிடுங்கி, "பெங்களூர்ல இது எதுக்குடி?" என்றவர்.

அவருக்குத் தெரியாமல் நீ சொல்லிக்கொடுத்ததை வைத்து நித்யாதான் எழுந்துபோய்ப் படித்தாள். மாமாவின் மூன்று எழுத்துப்பிழைகளையும் தாண்டி. "ஐ, இது எங்கம்மா பாட்டு!" நீ பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பாயே, அது.

"அப்ப நீயே பாடு புட்டி," என்று கன்னடத்தில் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கூப்பிட்டு, அந்தப் பெண் மைக்கை இறக்கிக் கொடுத்தாள்.

பாடினாள், அக்கா. இரண்டாவது சரணத்தில் நீ மூச்சுவிடும் அதே இடத்தில் மூச்சுவிட்டாள். மாமா எழுந்து நின்று கைதட்டினார். "என் பொண்ணு! எங்க குடும்பத்துக்கே சங்கீதம் ரத்தத்துல ஊறினது!"

எந்தக் குடும்பத்துக்கு? அந்தப் பாட்டு அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டேதான் உன் வாயை அடைத்தாரா?

வீடு திரும்பும் வழியிலேயே, "இன்னிக்கு ஆசைக்குப் பாடிட்ட. இனிமே படிப்பப் பாரு," என்றார் அவளிடம்.

உன் மகள் பாடுவாள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்போது நித்யா சனிக்கிழமைகளில் அந்தப் பாடகி வீட்டுக்குப் போகிறாள். மாமாவிடம் கணக்கு டியூஷன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை