நினைவு மலரில் ஒரு நாரை

இஞ்சாருங்கோ, சமையலறைச் சன்னல் கட்டையில் இருக்கும் உங்கள் நத்தை ஓட்டிலிருந்து இன்று காலை மறுபடியும் சேற்று நாற்றம் அடிக்கிறது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. உகண்டாவிலிருந்து எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக்குக் கொண்டுவர வேறு பொருளே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

மற்றவர்கள் ஓய்வு பெற்றால் கோயில் குளம் என்று போவார்கள். நீங்கள் என்னைச் சதுப்பு நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். அலகை முழுதாக மூட முடியாத ஒரு நாரையைப் பார்க்க! முழங்கால் வலியோடு நான் படகில் குந்தியிருந்தேன்.

"அங்க பாரும், ஓட்டை உடைக்கேல்லை. கீழலகை உள்ளுக்கை விட்டு, தசையை வெட்டி, நத்தையை முழுசா எடுக்குது."

"எனக்குப் பசிக்குது" என்றேன். கேட்டால்தானே.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். நண்டுக் குழம்பு வைத்தால் ஓட்டை உடைக்காமல் சதையை இழுக்கப் பார்த்துச் சட்டையெல்லாம் குழம்பாக்குவீர்கள். "குஞ்சுக்கு அலகு நேராத்தான் இருக்கும், வளரத்தான் இடைவெளி வரும்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் விருந்தினரின் சோறு ஆறிவிடும். என் மிளகாய்க் கன்றுகளை நத்தைகள் தின்றபோது மருந்து போடவும் விடவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரின் அட்டையை நேற்று மகன் கொண்டுவந்து காட்டினான். உடனே அச்சுக்கு அனுப்ப வேண்டுமாம். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாரை. வெள்ளை நாரை.

"தம்பி, இது எங்கட ஊர் வயல்ல நிக்கிறது. அப்பான்ரை நாரை கறுப்பு."

"ரெண்டுக்கும் அலகு ஒரே மாதிரித்தானே அம்மா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கீழலகு, தசை, குஞ்சின் நேர் அலகு என்று எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். அவன் தேநீர் ஆறிப்போனது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பா மாதிரியே கதைக்கிறியள்" என்றான். பிறகு படத்தை மாற்றினான்.

நத்தை ஓட்டைத் திரும்பவும் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறேன். எறியத்தான் எடுத்தேன், மனம் வரவில்லை. நான் கேட்காமலேயே இவ்வளவையும் என் தலைக்குள் ஏற்றிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். போகிற மனிதர் அந்த நாரையையும் கூட்டிக்கொண்டல்லவா போயிருக்க வேண்டும்?