பாலத்துக்கு முன்னால் நின்ற பஸ்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் சின்னவளும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் தம்பியின் நலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இது அவருக்குத் தெரியாது. போனில் சொல்லலாம் என்றால், ஒற்றை அறை வீட்டில் அவர் காதில் விழாமல் எதைப் பேசுவது? அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, இரண்டு நாளாக நாலு நாலு வரியாக எழுதுகிறேன்.

பதினோரு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை. இரண்டு மாதம் முன்பு, பிள்ளைகளோடு வரும்போது பெரிய பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். டயரில் காற்று இல்லை என்றாராம். ஆயாம்மா இறங்கி ஆறு டயரையும் உதைத்துப் பார்த்தால் எல்லாம் கல் மாதிரி இருக்கிறது. இவருக்கு நெஞ்சு படபடத்து, கை மரத்துப்போய், பாலம் இடிந்து விழப்போகிறது என்றே தோன்றியிருக்கிறது. அதன் பிறகு அடிக்கடி வந்தது. இதயத்தைப் பரிசோதித்தோம், ஒரு கோளாறும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் சீட்டை மூன்று வாரம் பர்சுக்குள் மடித்தே வைத்திருந்தார்.

நான் நச்சரித்ததில் ஒருநாள் தனியாகப் போனார். போனவர் பதிவு செய்கிற இடத்தில் என் பெயரையும் என் வயதையும் கொடுத்துவிட்டார். தன் பெயர் அங்கே ஏறினால் யார் பஸ் கொடுப்பார்கள் என்ற பயம். நோயாளி இல்லாமல் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் போனேன்.

மருத்துவர் நம்மைவிடச் சின்னப் பெண். பயம் எப்போது வருகிறது என்று என்னைக் கேட்டார். பாலத்தில் பஸ் ஓட்டும்போது என்றேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவு நேரம் இருக்கும் என்றார். குத்துமதிப்பாக ஐந்து நிமிடம் என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து உங்கள் தம்பி, "இருபது நிமிஷம்" என்றார். மருத்துவர் காகிதத்தில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரைக் கேட்டார். சொல்லிவிட்டு அழுதார், அண்ணி. நானும் அழுதேன்.

குணமாகிவிடும் என்கிறார் மருத்துவர். மாத்திரை, வாரம் ஒருமுறை போய்ப் பேசுவது. ஆனால் தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது, அதுவரை ஷெட்டில் வேறு வேலை கொடுங்கள் என்று சூப்பர்வைசருக்குக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார். அது நாலு நாளாக உங்கள் தம்பி சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்கும்போது எடுத்து வைத்து, மறுபடி சொருகுகிறேன். ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார். திங்கள் காலை ஆறு மணிக்கு அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸை எடுப்பார். "ரெண்டு மாத்திரை போட்டாச்சு, சரியாயிடும்" என்கிறார். நாற்பத்திரண்டு பிள்ளைகள். நம் சின்னவள் மூன்றாவது சீட்டில் உட்காருவாள். அவர் கொடுக்கவில்லையென்றால் நானே போய்க் கொடுத்துவிடுவேன். ஆனால் அதன் பிறகு அவர் அந்த மருத்துவமனைப் படி ஏறமாட்டார்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இப்போது அவர் சூப்பர்வைசருக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. "அக்காகிட்ட என்னன்னு சொல்றது?" என்பதுதான் அவர் கேட்பது. போன மாதம் இங்கே வந்திருந்தபோது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படி இருக்கிறது என்று பேச்சு வந்தது. மனசில் தெம்பு இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும் என்றீர்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று காலையில்தான் இரண்டாவது தடவையாகப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

இந்தக் கடிதம் சனிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார் கூரியர்காரர். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உங்களுக்குப் போன் செய்வார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள். நல்லா இருக்கேன்க்கா என்பார். அதோடு விட்டுவிட்டு வழக்கம்போல் முழங்கால் வலிக்குப் போய்விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். பேச்சை மாற்றுவார், மறுபடியும் கேளுங்கள். அவர் வாயைத் திறக்கும்வரை போனை மட்டும் வைத்துவிடாதீர்கள், அண்ணி.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

உங்கள் தம்பி மனைவி