அம்மாவின் தொண்டைக்கு விடுமுறை

அன்புள்ள வெற்றி அண்ணனுக்கு,

இங்கே அம்மாவின் தொண்டையைத் தவிர எல்லாம் நலம். ஓமானில் நீயும் உன் அறைக்காரர்களும் வெயிலுக்குத் தப்பி நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா இப்போது என் எதிரில் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டுகிறாள். வாய்ஸ் மெசேஜிலேயே உன்னை வளர்த்தவளுக்குப் பேசத் தடை, அதனால் அவள் சைகை காட்ட நான் எழுதுகிறேன், எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். சைகையில் பாதி என்னைத் திட்டுவது, அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

முதலில் நான் கவனித்தது பூனையைத்தான். காசிமேட்டில் அம்மா மீன் ஏலத்துக்குக் குரல் எடுத்ததும் கூடைக்குப் பின்னால் படுத்திருக்கும் வெள்ளைப் பூனை எகிறிக் குதித்து ஓடுமே, மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அம்மா கூவினாள், பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அப்புறம்தான் தொண்டை டாக்டரிடம் போனோம். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, வாயைத் திறக்காமல் இருந்தால் கரையலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றார். அதெப்படிப் பேசாமல் இருப்பது என்று அம்மா அவரிடமே அரை மணி நேரம் சண்டை போட்டாள். அங்கே வேலை செய்கிற பெர்சிஸ் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "இதோ பாரு பவானி, உங்கம்மாவ வூட்ல வெச்சுகினு வாயக் கட்ட முடியாது. ஜோலார்பேட்டையாண்ட ஒரு எடம் கீது, அங்க போனா எவனும் எவங்கிட்டயும் பேசக் கூடாது. துட்டும் கேக்க மாட்டான். இட்னு போயிடு" என்றது. நீயும் அன்றைக்கே போன் போட்டு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நானே ஏலம் விடுகிறேன் என்றாய். அம்மா பேசினால் குரல் போகும், பேசாவிட்டால் தொழில் போகும், இதற்குப் பயந்து நீ வந்தால் கிடைத்த வேலையும் போகும். அதனால்தான் நாங்கள் தியானத்துக்குப் போனோம், ஞானம் தேடி இல்லை.

பதினெட்டு வயது முடிந்திருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணா, என் வாழ்க்கையில் நான் முதல் ரேங்க் வாங்கிய இடம் அது ஒன்றுதான். பேசக் கூடாது, சைகை கூடாது, யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. நான் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருப்பதை அங்கே காலை நாலு மணிக்கு மணி அடித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "பிரசன்ட் மிஸ்" சொல்லக் குரல் வராமல், போன நாளெல்லாம் ஆப்சென்ட் ஆகி, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கிருந்த தியான ஆசிரியர் என்னை மட்டும் கூப்பிட்டு, இத்தனை ஆழமான மௌனத்தை இந்த வயதில் பார்த்ததில்லை என்றார். அது ஆழம் இல்லை ஐயா, பயம் என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை, தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாதான் பாவம், கண்ணை மூடி உட்கார்ந்தால் உதடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், மந்திரம் என்று பக்கத்திலிருந்த பெண் நினைத்திருப்பாள், சங்கரா மீனும் வவ்வால் மீனும் விலை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் வரவில்லை, கடைசி வரை காப்பாற்றிவிட்டாள்.

கெடுத்தவள் நான். திரும்பி வர டிக்கெட் எடுத்தபோது கவுன்டர்காரர் பதினாறாம் தேதிக்கா பதினெட்டாம் தேதிக்கா என்று கேட்டார், நான் தலையாட்டினேன், அவர் பதினெட்டுக்குக் கொடுத்துவிட்டார், மாற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இடையில் இரண்டு நாள் எங்கே இருப்பது, பக்கத்தில்தானே ஏலகிரி என்று மலை ஏறிவிட்டோம். சுற்றுலா வந்தவர்கள் மாதிரி பலாச்சுளை தின்றோம், குளிருக்கு அம்மா என் துப்பட்டாவையும் பிடுங்கிப் போர்த்திக்கொண்டாள். அங்கே ஒரு படகு ஏரி. பெடல் போட்டுக்காரர் "ரெண்டு பேரா, ஏறுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஏறிவிட்டேன், அம்மாவும் வேறு வழியில்லாமல் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். அப்பா கடலில் எத்தனை வருஷம் போனாரோ, ஒரு நாள்கூட நம் வீட்டில் யாரும் போடாத லைஃப் ஜாக்கெட்டை, இடுப்பளவு குளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டார்கள். அம்மா ஒரு பக்கம் மிதிக்க நான் மறுபக்கம் மிதிக்க, வாத்து வடிவத்தில் இருந்த அந்த போட்டு சுற்றிச் சுற்றி ஆகாயத் தாமரைக்குள் போய் மாட்டிக்கொண்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரையில் ஆள் இருந்தார், கூப்பிட்டால் வருவார். கூப்பிடு கூப்பிடு என்று அம்மா என் தொடையில் அடித்தாள். நானும் வாயைத் திறந்தேன், மூடினேன். அங்கே ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குடும்பம் ஒன்று எங்களையே பார்த்தது, அவர்கள் பார்க்கும்போது எப்படிக் கத்துவது? கடைசியில் அம்மாவே எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டாள். பழைய சைக்கிளில் பிரேக் பிடித்த மாதிரி ஒன்று வந்தது, அதோடு நின்றுவிட்டது. அத்தனை நாள் சேர்த்து வைத்த மௌனத்தை ஒரு வாத்து போட்டுக்காகச் செலவு செய்ய வைத்துவிட்டேன். ஊருக்கு வந்ததும் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு தடவை கத்தினால் கத்திதான் என்று சொல்லிவிட்டார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போனதும் சுப்புராயன் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் லாஞ்சுப் படகில் வரும் மீனை இத்தனை வருஷமும் அம்மாதானே ஏலம் விட்டாள், அந்த மரியாதைக்கு, "மொத நாளு உனுக்கோசரம் தரேன் கன்னியம்மா. உம் பொண்ணு கூவட்டும். அது வாயத் தொறக்கலைன்னு வெய்யி, சீனியம்மா கைல குட்துகினு பூட்டே இருப்பேன்" என்றார். தனக்குப் போட்டியாக ஏலம் விடும் சீனியம்மா அத்தையின் பேரைக் கேட்டதும் அம்மா என்னைக் காட்டி நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். வாத்து போட்டைப் பார்த்த பிறகும் அவளுக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டுமாம், நல்ல பெண்ணாக ஒருத்தி அமைய வேண்டுமாம், அம்மா நெற்றியில் விபூதி இட்டுக் காட்டுகிறாள். வேலையில் ஐஸ் அறைக்குள் போகும்போது காதில் துணி கட்ட மறக்காதே. ராஜினாமா கடிதத்தை நீ இன்னும் கொடுக்கவில்லை என்றால் கிழித்துப் போடு, கொடுத்திருந்தால் அதிகாரி காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிக்கொள் என்கிறாள்.

இன்று விடியலில் சுப்புராயன் மாமாவின் லாஞ்சு வந்தது. கூடைகளை வரிசையாக இறக்கினார்கள், முதல் கூடை நல்ல வஞ்சிரம். நான் விலை சொன்னேன். ராயபுரத்தில் மீன் கடை வைத்திருக்கும் ஜன்னத் அக்கா காதில் கை வைத்து, "இன்னாமே, மீனாண்ட ரகசியம் பேசிகினு கீறியா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "கன்னியம்மா வயித்துல இப்டி ஒரு ஊமக்கோட்டானா?" என்றார். சீனியம்மா அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். சுப்புராயன் மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள், மூச்சை இழுத்தாள், அவள் வாய் திறந்தது. நான் மீன் கையாலேயே அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கடல் பக்கம் பார்த்து விலையைக் கூவினேன்.

ஆசிகளுடன் உன் அம்மா கன்னியம்மா,
அவள் கை சொல்ல எழுதிய தங்கை பவானி.