சரசக்கா அழுத்திய ‘ஆம்’

12.1.2004, திங்கள்

“தயவுசெய்து சற்றுக் காத்திருக்கவும்” என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இளவரசன் அதை “பொறுங்கள்” ஆக்கிவிட்டான். கேட்டால், “திரையில வர்ற பெட்டிக்குள்ள அவ்ளோதான் இடம்”னு சொல்றான். திருமண தகவல் மையங்களுக்கான எங்கள் புது சிடியில் ப்ரோகிராம் அவனுடையது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும் வரிசையாக வரும் கேள்விகள், குறிப்புகள் என்னுடையவை. அப்படித்தான் பேச்சு. என் எழுத்தில் இவன் ஏன் கை வைக்கிறான்?

19.1.2004, திங்கள்

அப்பாதுரை சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “மத்தவங்க சிடி இங்கிலீஷ்ல கேக்குது, நம்மது தமிழ்ல கேக்குது. யாராவது தடுமாறினா மறுபடி இங்கிலீஷ்தான். அப்புறம் பொன்னிக்கு இங்க என்ன வேலைன்னு நான் யோசிக்கணும்.” முதலாளி, சிரித்துக்கொண்டு சொல்லலாம். இளவரசனும் சிரித்தான். அவன் ஏன் சிரிக்கணும்?

21.1.2004, புதன்

நான் பக்கத்தில் போனாலே இளவரசன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். செங்கம் ரோட்டு ஓரம், ஆசிரமத்து மதில் பக்கம் நின்று அரைமணி நேரம் குசுகுசு. வேறு கம்பெனியா? இல்லை, என்னைப் பற்றியா?

27.1.2004, செவ்வாய்

போச்சு. கீழ்பென்னாத்தூரில் திருமண தகவல் மையம் நடத்தும் சரசக்கா போனில் அழுதாள். வெள்ளிக்கிழமை புது சிடி போட்டாளாம். மூன்று வருஷமாகச் சேர்த்த அறுநூற்று நாற்பது ஜாதகமும் காணோம். “அது கேட்டதுக்கெல்லாம் ஆம்னுதாம்மா அழுத்தினேன்.”

நான் எழுதியது இது: “பழைய ஜாதகங்களை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?” கீழே ஆம், இல்லை. படிக்கத் தெரிந்த யாராவது இதற்கு ‘ஆம்’ அழுத்துவார்களா? சரசக்கா பதினைந்து வருஷம் டீச்சராக இருந்தவள். அப்படியானால் அவள் பார்த்தது என் வாக்கியமே இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. இருக்காதா பின்னே! சரசக்காவுக்குச் சிடி எழுதிக் கொடுத்தவன் இளவரசனாச்சே.

29.1.2004, வியாழன்

என் வாக்கியத்தை மாற்றியது இளவரசன்தான் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். பேர் சொல்லியே சொன்னேன்.

30.1.2004, வெள்ளி

விசாரித்து முடியும்வரை வரவேண்டாம் என்று சார் அவனிடம் சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு என் மேஜை அருகே நின்றான். “உன் வாக்கியத்த சுருக்குவேன் பொன்னி. அர்த்தத்த திருப்ப மாட்டேன்.” நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நடிக்கிறான்.

2.2.2004, திங்கள்

கீழ்பென்னாத்தூர் போனேன், அந்தச் சிடியைக் கையோடு பிடிக்கலாம் என்று. சரசக்காவின் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தேன்.

என் வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

“படிக்கலையாக்கா?”

“படிச்சேன்மா. வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பாத்து, கற்பூரம் காட்டிட்டு உக்காந்தேன். கல்யாணம் கூடிவர இடம் இது. ஆரம்பிக்கறப்பவே ‘இல்லை’ன்னு அழுத்துவாங்களா? எப்படியும் உள்ள எங்கயாச்சும் வெச்சிருக்கும்னு நெனச்சேன்.”

எங்கள் வீட்டில் மஞ்சள் தீர்ந்தால் அம்மா ‘இல்லை’ என்று சொல்லவே மாட்டாள், ‘வாங்கணும்’ என்பாள். இதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். நல்ல நேரத்தில் உட்கார்ந்தவளிடம் ‘இல்லை’ சொன்னால்தான் பிழைப்பாய் என்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ஐயோ.

4.2.2004, புதன்

சார் கேட்டார். “இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்” என்றேன்.

6.2.2004, வெள்ளி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் விடவில்லை, நடந்தே ஆபீஸ் போனேன். அவன் நாற்காலியில் யாரோ அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு என்ன?

8.2.2004, ஞாயிறு

சரசக்காவின் காகித ஜாதகங்களைத் திரும்ப டைப் அடித்துக் கொடுக்கப் போனேன். புண்ணியம் தேடிக்கொள்கிறேனாம்! நாற்பதாவதோ என்னவோ, காகிதத்தை எடுத்தேன்: இளவரசன். தாயார் மணியம்மாள்.

“இந்தப் பையன் உங்க ஆபீஸ்தானே? இவங்க அம்மாதான் இவனுக்கு டெய்லி போன் போட்டு, அந்த வரன் பாரு இந்த வரன் பாருன்னு உயிர எடுப்பாங்க. இப்ப ஒண்ணு கூடி வருது. செவ்வாய்க்கிழமை பொண்ணு வீட்ல விசாரிக்க வராங்க. வேலைல இருக்கான் இல்ல?”

மதில் ஓரத்துக் குசுகுசு இதுதானா?

‘இல்லை’ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தொழில் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். திரை மறித்தது: “இதை நிரப்பாமல் தொடர முடியாது.” நான் எழுதியதுதான்.

9.2.2004, திங்கள்

சாரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் சொன்னது: “உன்ன அப்புறம் பாக்கறேன். மொதல்ல அவனுக்கு போன் போடு. நான் இல்ல, நீ போடு.”

போட்டேன். நடந்ததைச் சொல்லி, வேலைக்கு வரச் சொன்னேன். “சரி” என்றான். அவ்வளவுதான்.

11.2.2004, புதன்

நேற்றுப் பெண் வீட்டார் வந்து விசாரித்தார்களாம். சார் நல்லபடியாகச் சொல்லி அனுப்பினாராம்.

இளவரசன் வந்துவிட்டான். அந்தக் கேள்விக்கு இனி ஆம், இல்லை கிடையாது. “பழைய ஜாதகங்கள் அப்படியே பத்திரமாக இருக்கட்டும்” என்று ஒரு பொத்தான், “அழித்துவிடு” என்று ஒரு பொத்தான். எழுதி அவன் மேஜையில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அப்படியே போட்டிருக்கிறான். இடம் போதாமல் ‘இருக்கட்டும்’ பெட்டிக்கு வெளியே போய்விட்டது, திரையில் தெரியவே இல்லை.

முன்பு கேட்காமலே சுருக்கியவன், இப்போது சுருக்கவா என்றுகூடக் கேட்கவில்லை.